நானூற்றுப் பதிமூன்றாம் எலி

போத்தனூர் ஜங்ஷனைத் தாண்டி, மூடிப்போன ஒரு நூற்பாலையின் பஞ்சுக் கிடங்கில், 1997ஆம் வருடம் அறுநூறு எலிகள் குளிர்சாதன வசதியோடு குடியிருந்தன. வாசலில் மூன்று மொழிகளில் பெயர்ப்பலகை. தமிழில் ‘கொங்கு மண்டல எலி மரபணு வரைபட நிலையம்’ என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘மனித குல நலனுக்காக’ என்றும் எழுதியிருந்தது. அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் ‘நோயாளிகள் உள்ளே வரக் கூடாது’ என்றிருந்தது. நோயாளிகள் வந்தால் எலிகளுக்கு ஏதாவது தொற்றிக்கொள்ளும் என்று பயம்.

பயத்தில் நியாயம் இருந்தது. அவை நம் அரிசி மண்டிகளில் ஓடும் எலிகள் அல்ல. ரத்தம் உறையாத நோயோடு பிறக்கும்படி வெளிநாட்டில் பக்குவமாக உருவாக்கி, விமானத்தில் வரவழைக்கப்பட்டவை. ரயில் ஊதினால் அவற்றின் மனது சங்கடப்படுகிறது என்று நிலையம் ரயில்வேக்கு மூன்று கடிதம் எழுதியது. ரயில்வே இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது.

நிலையத்தின் வேலை இதுதான். ரத்தம் உறையாத உடம்புக்கு, உறைய வைக்கும் சத்தை ஊசியில் ஏற்றுவார்கள். சில உடம்புகள் அதை விருந்தாளியாக நினைத்து உட்கார வைக்கும். சில உடம்புகள் திருடன் புகுந்துவிட்டான் என்று அடித்துத் துரத்தும். துரத்திப் பழகிய உடம்பில் அப்புறம் மருந்து வேலை செய்யாது. எந்த எலி ஏற்கிறது, எந்த எலி துரத்துகிறது, அந்தக் குணம் மரபணுவில் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடி வரைபடம் போட வேண்டும். நல்ல வேலை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதே நோயோடு கோயம்புத்தூரில் மனிதர்களும் இருந்தார்கள் என்பதுதான் நிலையத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தது.

ஜாவித் அப்படி ஓர் இடைஞ்சல். வயது இருபத்துநான்கு. கிராஸ்கட் ரோட்டில் ஒரு கேசட் கடையில் பாட்டுப் பதிவு செய்து கொடுப்பவன். அண்ணன் யாகூப் கோட்டைமேட்டில் தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். பெற்றவர்கள் போன பிறகு யாகூப்பும் அவர் மனைவி சாஜிதா பேகமும்தான் ஜாவித்தை வளர்த்தார்கள். வளர்த்தார்கள் என்பதைவிடப் பயந்தார்கள் என்று சொல்வது சரி. அவன் பென்சில் சீவினால் பயம், பம்பரம் விட்டால் பயம், மீசை முளைத்தபோது வீடே சந்தோஷப்படாமல் சவரக் கத்தியை நினைத்து நடுங்கியது.

இத்தனை பயமும் உக்கடத்தில் ஒரு டவுன் பஸ் போட்ட சடன் பிரேக்குக்கு முன்னால் நிற்கவில்லை. ஜாவித் நாக்கைக் கடித்துக்கொண்டான். நமக்கென்றால் ஐந்து நிமிட எரிச்சல். அவனுக்கு மூன்று நாளாக ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டு, மருந்து பம்பாயிலிருந்து வர எட்டு நாளாகும் என்றார்கள். எட்டு நாள் தாங்குமா என்று யாகூப் கேட்டார். டாக்டர் தலையணை உறையை மாற்றச் சொன்னார். அப்புறம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த ஊரில் அந்த மருந்து ஒரே ஒரு குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கிறது என்று ஒரு கடிதம் கொடுத்துப் போத்தனூருக்கு வழி சொன்னார்.

நிலையத்தில் யாகூப்பின் செருப்பைக் கழற்றச் சொல்லி, தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, காலுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டினார்கள். அலுவலகக் கண்காணிப்பாளர் சாந்தாமணி மிகவும் மரியாதையான அம்மாள். டாக்டரின் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“மருந்து இருக்குதுங்க பாய். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேனுங்க. ஆனா அது எலிக்குன்னு வந்ததுங்க. மனுசனுக்குக் குடுக்கோணும்னா ரிஜிஸ்டர்ல மனுசன்னு ஒரு கட்டம் இருக்கோணுமில்லீங்க? இல்லீங்களே.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நஞ்சப்பன் என்ற ஊழியர் எலிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். குப்பியை உடைப்பார். அதில் ஒரு சொட்டு எடுத்து எலிக்கு ஏற்றுவார். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றுவார். அடுத்த எலிக்கு அடுத்த குப்பி. யாகூப் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஏனுங்க, அந்த மிச்சத்த…”

“ஒரு எலிக்கு ஒரு குப்பிங்க,” என்றார் சாந்தாமணி. “மிச்சத்த வேற யாருக்காச்சும் போட்டா சுத்தம் கெட்டுப்போகுமுங்க.”

“கீழதான் ஊத்தறீங்க. என்ற தம்பி வாயில துணிய அடச்சுட்டுப் படுத்துக் கெடக்கறானுங்க.”

“கீழ ஊத்தறதுக்கும் கையெழுத்து இருக்குதுங்க பாய். சும்மா ஊத்த முடியாதுங்க.”

யாகூப் அழுதுவிட்டார். அழுகைச் சத்தம் எலிகளுக்குக் கேட்கும் என்று அவரை அவசரமாக இயக்குநர் அறைக்குள் அழைத்துப் போனார்கள். இயக்குநர் டாக்டர் திருமலைசாமிக்கு இரக்க சுபாவம். நாற்காலி காட்டினார்.

“பாய், ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. நாங்க ராப்பகலா மனித குலத்துக்காகப் பாடுபடறோம். உங்க தம்பி ஒத்த ஆளு. ஒத்தொத்த ஆளாக் காப்பாத்த ஆரம்பிச்சம்னா, குலத்த யாருங்க பாக்கறது?”

அப்போதுதான் நஞ்சப்பன் ஓடி வந்தார். நானூற்றுப் பதிமூன்றாம் எலி செத்துப்போச்சு என்றார். பக்கத்து எலி கடித்துவிட்டது. இயக்குநரின் முகம் வெளுத்தது. டெல்லிக்கு அறுநூறு எலி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றால் ஆராய்ச்சியே செல்லாது. புது எலி வர ஆறு மாதம்.

“ரத்தம் உறையாதது ஒண்ணு வேணும், அவ்வளவுதானுங்களே?” என்றார் நஞ்சப்பன்.

இயக்குநரும் சாந்தாமணியும் நஞ்சப்பனும் யாகூப்பைப் பார்த்தார்கள்.

ஜாவித்தை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வாயில் துண்டு. துண்டு சிவப்பு. ஆனாலும் முதலில் படிவம். எடை என்ற கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. பக்கத்திலேயே ‘கிராம்’ என்று அச்சடித்திருந்தது. சாந்தாமணி 52 என்று எழுதினார். முத்திரை இல்லாத படிக்கல்லைக் கையால் தொடாத யாகூப்புக்கு உடம்பு கூசியது. தம்பியின் துண்டைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகச் சொன்னார்.

“வம்சம் சுத்தமானதுங்களா?” என்று கேட்டார் இயக்குநர். “எலின்னா இருவது தலமுறை கூடப் பொறந்ததுகளுக்குள்ளயே சேத்திருக்கோணும்.”

யாகூப் காதைப் பொத்திக்கொண்டார். “அல்லாவே! எங்க ஊட்டுல மாமன் பொண்ணு, அத்த பையன் கட்டறதுதானுங்க உண்டு.”

“முயற்சி பத்தாது,” என்று சொல்லி, “பரவால்ல, எழுதிக்குங்க,” என்றார் இயக்குநர்.

நிறம் என்ற கட்டத்தில் கறுப்பு என்று எழுதினார்கள். வாலின் நுனியை வெட்டி மரபணு பார்க்க வேண்டும். வால் இல்லாததால் கால் கட்டைவிரல் நகத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். காதில்தான் சிக்கல் வந்தது. ஒவ்வொரு எலிக்கும் அதன் எண்ணைக் காட்டும்படி காதில் துளை போடுவது வழக்கம். நானூற்றுப் பதிமூன்றுக்கு வலது காதில் இரண்டு, இடது காதில் ஒன்று. துளை போடாமல் மருந்து தர முடியாது. மருந்து தராமல் துளை போட்டால் ரத்தம் நிற்காது. இயக்குநரும் சாந்தாமணியும் இதை முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். ஜாவித் சுவரில் சாய்ந்து மெல்லக் கண்ணை மூடிக்கொண்டான். யாகூப் அவன் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். முன்பு தேர்தல் வேலைக்குப் போய்வந்த சாந்தாமணியின் மேசையில் விரலுக்கு வைக்கும் அழியாத மை கொஞ்சம் மிஞ்சியிருந்தது நல்லகாலம். காதில் மூன்று புள்ளி வைத்தார்கள்.

அதன் பிறகு மருந்து ஏறியது. முழுக் குப்பி. அரை மணி நேரத்தில் ரத்தம் நின்றது. யாகூப் நஞ்சப்பனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமைதோறும் ஜாவித் போத்தனூருக்குப் போய்வந்தான். போனதும் பெயரைச் சொல்லக் கூடாது. எண்ணைச் சொல்ல வேண்டும். ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கூண்டறையில் உட்கார வைத்து, எலிகளுக்குத் தரும் அதே உருண்டைத் தீனியை ஒரு தட்டில் வைப்பார்கள். சாப்பிடாவிட்டால் ‘பசியின்மை’ என்று எழுதிவிடுவார்கள் என்பதால் அவன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து வீட்டுக் கோழிக்குப் போட்டான். ஆனாலும் அவன் வாழ்க்கையில் முதல்முறையாக முட்டி வீங்காமல் இரண்டு மாதம் ஓடியது. சாஜிதா பேகம் அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தாள். கரும்புக்கடையில் ஒரு இடம் தகைந்தது.

இதற்கிடையில் நிலையத்துக்குள் பெரிய சந்தோஷம். கறுப்பு எலிகள் எல்லாமே மருந்தை அடித்துத் துரத்த, நானூற்றுப் பதிமூன்று மட்டும் துரத்தவே இல்லை. வரைபடத்தில் அதுவரை தரையாகக் கிடந்த கோடு பதினேழாம் குரோமோசோமில் மருதமலை மாதிரி எழும்பி நின்றது. நானூற்றுப் பதிமூன்றை எடுத்துவிட்டால் மலையும் இல்லை. இயக்குநர் அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். நானூற்றுப் பதிமூன்றை இருநூற்று இருபதாம் வெள்ளை எலியோடு இணை சேர்க்கத் திட்டம் இருப்பதால், வேறு இடத்தில் நிக்காஹ் செய்யக் கூடாது என்று வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. அதைப் படித்துவிட்டு ஜாவித் சிரித்தான். யாகூப் சிரிக்கவில்லை. அரசாங்க முத்திரை வைத்த காகிதம் விளையாட்டுக்கு வராது என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த தபால் பதினோராவது வாரம் வந்தது.

‘ஆய்வு நெறிமுறையின்படி பன்னிரண்டாம் வார முடிவில் எல்லா விலங்குகளும் பலியிடப்பட்டு, அவற்றின் மண்ணீரல்கள் சேகரிக்கப்படும். எனவே எண் 413, வரும் 25ஆம் தேதி காலை பத்து மணிக்கு வெறும் வயிற்றுடன் ஆஜராக வேண்டும். தாமதம் ஏற்கப்படாது.’

யாகூப் பழுது பார்க்க வந்திருந்த தராசை அப்படியே கீழே வைத்தார். கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு போத்தனூருக்கு ஓடினார்.

“பயப்படாதீங்க பாய்,” என்றார் சாந்தாமணி. “வாயுப் பெட்டிதானுங்க. வலியே இருக்காதுங்க. இதுவரைக்கும் ஒரு எலிகூட வந்து குறை சொன்னதில்லீங்க.”

“என்ற தம்பி மனுசனுங்க!”

“மெதுவாப் பேசுங்க. மனுசன்னு சொல்லிப்போட்டீங்கன்னா, எலி மருந்த மனுசன் வாங்கித் தின்னது குத்தமாயிருமுங்க. குடுத்தவங்க மேல இல்லீங்க, வாங்கிக்கிட்டவங்க மேல. உங்களுக்கு வேண்டாமுங்க அந்தச் சங்கடம்.”

மேல்முறையீடு உண்டா என்று கேட்டார். உண்டு. விலங்கு நலக் குழு. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாகூப் நின்றார். இயக்குநர்தான் தலைவர்.

“எங்களாட்டம் ஈவிரக்கம் இருக்கற நிலையம் இந்தியாவுலயே கெடையாதுங்க பாய். ஒரு எலிய நாங்க பதற விட்டதில்ல. உங்க தம்பி கொஞ்சம் பெரிய சைஸு. இருக்கற பெட்டில மடக்கி வெச்சாக் கஷ்டப்படுவார்னு நானே ரெண்டு நாளாத் தூங்கல. அவர் அளவுக்குப் பெருசா ஒரு பெட்டி பீளமேட்டுப் பட்டறைல செய்யச் சொல்லியாச்சு. காலு நீட்டிப் படுத்துக்கலாம். வேற எவனாச்சும் ஒரு எலிக்கு இவ்வளவு பண்ணுவானா, சொல்லுங்க?”

எவனும் பண்ண மாட்டான் என்று யாகூப் ஒப்புக்கொண்டார். குழுவில் ஒருவர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, விலங்கு கர்ப்பமாக இருந்தால் ஒத்திவைக்கலாம் என்று வழி காட்டினார். கர்ப்பமா என்று கேட்டார்கள். இல்லை என்று யாகூப் உண்மையைச் சொன்னார். மனு தள்ளுபடி ஆனது.

ஊரை விட்டு ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடுகிற ஊரில் ரத்தம் வந்தால்? மருந்து இந்த ஊரில், இந்த ஒரு பெட்டியில்தான் இருக்கிறது. யாகூப் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். ஜாவித் எதிரே உட்கார்ந்து தன் விலாவுக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். மண்ணீரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

சாஜிதா பேகம்தான் கேட்டாள். “ஏனுங்க, மண்ணீரல்னா நம்ம சுவரொட்டிதானுங்களே?”

கறிக்கடையில் மண்ணீரலுக்குச் சுவரொட்டி என்றுதான் பெயர். ரத்தம் ஊறும் என்று சின்ன வயதிலிருந்து ஜாவித்துக்கு வாரம் தவறாமல் வாட்டிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அது வைத்தியம், நிலையத்துக்கு விஞ்ஞானம். உக்கடத்தில் ரசாக்கின் கறிக்கடையில் இருபத்துநான்காம் தேதியே ஓர் ஆட்டுச் சுவரொட்டிக்குச் சொல்லி வைத்தார்கள்.

இருபத்தைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு யாகூப் சுவரொட்டி இருந்த தூக்குப்போசியோடு வந்து நஞ்சப்பனைத் தனியே கூப்பிட்டார். நஞ்சப்பன் மூடியைத் திறந்து பார்த்தார். மறுபடியும் மூடினார்.

“அறுநூறத் தூக்கிப் போட்ட கை பாய் இது. தம்பியோடதையும் தொடச் சொல்லுவாங்களோன்னு ஒரு வாரமாச் சோறு எறங்கல. குடுங்க.”

போசியை வாங்கிக் கொண்டுபோய்க் கண்ணாடி ஜாடியில் போட்டு, 413 என்று சீட்டு ஒட்டினார். ரிஜிஸ்டரில் ‘பலியிடப்பட்டது’ என்று எழுதி, சாந்தாமணி கையெழுத்துப் போட்டார். உடல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. உடலுக்குக் கட்டம் இல்லை.

மண்ணீரலை நிறுத்தார்கள். நூற்று நாற்பது கிராம். எலியின் மொத்த எடை ஐம்பத்திரண்டு கிராம். தன்னைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் எடையுள்ள மண்ணீரலைத் தனக்குள் வைத்திருந்த எலி உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று இயக்குநர் கட்டுரை எழுதினார். கட்டுரை ஏற்கப்பட்டது. பாராட்டு விழாவில் சால்வை போட்டார்கள். மேடையில் இயக்குநர் நானூற்றுப் பதிமூன்றுக்காக ஒரு நிமிடம் மௌனம் கேட்டபோது, கடைசி வரிசையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜாவித்தும் எழுந்து நின்றான். யாகூப் அன்று வாய்விட்டுச் சிரித்தார்.

ஐப்பசி மழையில் கேசட் பெட்டிகளை மேல் தட்டுக்குத் தூக்கியபோது ஜாவித்தின் அடிவயிற்றில் ஏதோ சுளுக்கிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் வலது காலை நீட்ட முடியவில்லை. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எல்லாம் உள்ளே. உதடு சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மறுபடியும் பம்பாய் என்றார்கள், எட்டு நாள் என்றார்கள். யாகூப் ஆட்டோவைப் போத்தனூருக்குத் திருப்பச் சொன்னார்.

சாந்தாமணி ரிஜிஸ்டரை எடுத்து, பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

“நானூத்திப் பதிமூணு செத்துப்போச்சுங்களே பாய். நான்தானுங்க கையெழுத்துப் போட்டேன்.”

“தம்பி வாசல்ல ஆட்டோவுல இருக்கறானுங்க. வந்து பாருங்க.”

“பாத்தா எனக்குத்தானுங்க சங்கடம். செத்ததுக்கு மருந்து எப்படிங்க குடுக்கறது?”

“வேற எலி நம்பரு ஏதாச்சும்…”

சொல்லும்போதே யாகூப்புக்கு நாக்கு கூசியது. அறுநூறு கூண்டுகளில் புதிதாக வந்த அறுநூறு எலிகளும் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தன. யாரப்பே, ஆண்டவனே, இதில் ஒன்று இப்போது சாகாதா என்று அவர் நின்ற இடத்திலேயே துஆ கேட்டார். எந்த எலியும் சாகவில்லை.

இயக்குநர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“நல்ல நேரத்துல வந்தீங்க பாய். அந்த மண்ணீரல டெல்லில ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. 413ஓட கூடப் பொறந்தது இன்னொண்ணு இருந்தாக் காட்டுங்கறாங்க. அறுநூத்தி ஒண்ணுன்னு தனியாவே அனுமதி வந்திருச்சு. இந்த ஆய்வு நாலே வாரம்தான். நாலு குப்பி. முடிவுல டெல்லிக்காரங்க நேர்ல வந்து உக்காந்துக்குவாங்க. அவங்க கண்ணு முன்னாலதான் மண்ணீரல எடுக்கோணும். ஜாடியில கொண்டாந்து குடுத்தா ஒத்துக்க மாட்டாங்க.”

யாகூப் நஞ்சப்பனைப் பார்த்தார். நஞ்சப்பன் தரையைப் பார்த்தார்.

“அப்புறம் இன்னொண்ணுங்க,” என்றார் சாந்தாமணி. “போன தடவ எலிகிட்டச் சம்மதம் கேக்கலைன்னு மேல இருந்து ஆட்சேபணை வந்திருச்சுங்க. இந்தத் தடவ எலியே தன் வாயால எலின்னு சொல்லோணுமுங்க. நாங்க கட்டாயப்படுத்துனோம்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாதில்லீங்க?”

நாலு பேராக ஜாவித்தைத் தூக்கி வந்து பெஞ்சில் கிடத்தினார்கள். கால் மடங்கியபடியே இருந்தது. சாந்தாமணி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்தார்.

“கண்ணு, ஒண்ணும் அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு. நீ யாரு?”

யாகூப் தம்பியின் வாயைக் கையால் பொத்தினார். பொத்திய கையை ஜாவித் மெதுவாக விலக்கினான். அவன் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

“எலிதானுங்க அக்கா,” என்றான். “மொதல்ல ஊசியப் போடுங்க.”

ஊசி ஏறியது. கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் யாகூப் கையெழுத்திட்டார். அதற்குப் பக்கத்தில் உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அண்ணன் என்று எழுதப் போனார். எலிக்கு அண்ணன் இருக்க முடியாது, உரிமையாளர் என்று எழுதுங்கள் என்று சாந்தாமணி அன்பாகத் திருத்தினார்.